புளியில் சாயம் இல்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வழக்கமாக ஐப்பசியில் நாங்கள் உங்களுக்கு அனுப்புவது தீபாவளி வாழ்த்து மட்டும்தான். இந்த முறை கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது. காரணம் உங்களுக்கே தெரியும். வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் குரல் பதிவு உங்களில் பல பேருக்கு வந்திருக்கும். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு புளிக்கடையில் வடநாட்டுப் புளியை வாங்கி, சாயம் ஏற்றி, நம் மாவட்டத்து உரிகம் ஊர்ப் புளி என்று சொல்லி விற்கிறார்கள் என்கிறது அது. கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் வேப்பமரம், பச்சைக் கதவு, உள்ளே பெரிய தராசு என்று எல்லா அடையாளமும் சொன்ன பிறகு பெயர் எதற்கு? கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் அது எங்கள் கடை என்று புரிந்துவிட்டது.

வெளிமாநிலப் புளி வாங்குகிறோமா என்று கேட்டால், வாங்குகிறோம். அதை ஒருநாளும் மறைத்ததில்லை. மூட்டையிலேயே எந்த ஊர்ச் சரக்கு என்று அட்டை கட்டியிருக்கும். துமகூரு, இந்துப்பூர், ஜகதல்பூர் என்று நீங்களே படித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கிப் போயிருக்கிறீர்கள். உரிகம் புளி தனி மூட்டை, தனி விலை.

ஏன் வெளியூரில் வாங்க வேண்டும், நம் ஊரில் இல்லாத புளியா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் அப்பா இந்தக் கடையை ஆரம்பித்த காலத்தில் அந்தத் தேவை இல்லை. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகவே இல்லை, 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தோம். கடைக்கு மேலே இருக்கும் தகரப் பலகையில் இன்னமும் தர்மபுரி மாவட்டம் என்றுதான் எழுதியிருக்கிறது, அப்பா எழுதவைத்தது என்பதால் அதை நாங்கள் தொடவில்லை. அந்த நாளில் பெங்களூர் ரோடு, சேலம் ரோடு, ராயக்கோட்டை ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் இரண்டு ஓரமும் புளியமரம். உச்சி வெயிலிலும் நிழலிலேயே நடக்கலாம். நெடுஞ்சாலைத் துறை வருஷா வருஷம் மகசூலை ஏலம் விடும். ஏலம் எடுத்தவர்கள் ஆள் வைத்து உலுக்கி, மூட்டை பிடித்து, நேராக மண்டிக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள். பிறகு நான்கு வழிச்சாலைகள் வந்தன. அகலப்படுத்த அகலப்படுத்த மரங்கள் போய்விட்டன. ரோடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, எங்கள் சரக்கும் அதில்தான் வருகிறது. ஆனால் அந்த மரங்கள் கொடுத்த புளிக்கு ஈடாக வேறு எங்கிருந்தாவது வாங்கித்தானே ஆக வேண்டும்?

வயல்காட்டுப் பக்கமும் அப்படித்தான். நம் மாவட்டத்தில் தோட்டம் என்றாலே மாந்தோட்டம். புளியமரம் வரப்போரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் ஒன்றிரண்டு நிற்கும். அதுவும் ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்தால் மறு வருஷம் கையைக் கட்டிக்கொள்ளும். பழம் பழுத்து நிற்கிற தை, மாசியில் ஒரு மழை பெய்துவிட்டால் போச்சு, ஓட்டுக்குள்ளேயே பூசணம் பிடித்துவிடும். அஞ்செட்டிப் பக்கத்து உரிகம் புளியின் அருமை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீளக் காய், நல்ல சதைப்பற்று. பெரியகுளத்து பி.கே.எம். 1 என்கிற புளி ரகத்தைப் பற்றிப் பேசுகிற வேளாண் விஞ்ஞானிகள் உரிகத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, பெங்களூர் என்று கேட்கிற அத்தனை பேருக்கும் கொடுக்க உரிகத்தில் அவ்வளவு மரம் ஏது?

ஜகதல்பூர் புளியை மட்டமாகப் பேசுவதும் சரியில்லை. சத்தீஸ்கரில் பஸ்தர் காட்டுப் பகுதியில் பழங்குடி மக்கள் மரத்தடியில் பொறுக்கிச் சேர்த்து, வாரச்சந்தைக்குக் கூடையில் தூக்கிவந்து விற்கிற புளி அது. நாட்டிலேயே பெரிய புளிச் சந்தைகளில் ஜகதல்பூரும் ஒன்று. நம் மலைக்காட்டில் தட்டி எடுப்பதற்கும் அங்கே எடுப்பதற்கும் கைப்பாட்டில் வித்தியாசம் இல்லை. ஆந்திராவைக் கடந்து வருகிற லாரி வாடகைதான் வித்தியாசம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. சாயம் என்று சொன்னதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று விசாரித்துப் பார்த்தோம். ஒரு வீட்டில் பங்குனி மாதம் எங்களிடம் புளி வாங்கி, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். புரட்டாசியில் அது கறுத்துவிட்டது. அப்போது கடைக்கு வந்து பார்த்தால் அதே வருஷத்துப் புளி செம்பழுப்பாகப் பளிச்சென்று இருக்கிறது. வீட்டுப் புளி கறுக்கிறது, கடைப் புளி மட்டும் எப்படிக் கறுக்காமல் இருக்கும், சாயம்தானே என்று யோசித்திருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே காட்டியிருப்போம்.

புளியில் புளிப்பும் உண்டு, சர்க்கரையும் உண்டு. காற்றும் சூடும் படப் படத் தானாக நிறம் மாறிக்கொண்டே போகும். மரத்திலிருந்து வந்த புதிதில் வெளிர் பழுப்பு, அப்புறம் செம்பழுப்பு, வருஷம் திரும்பும்போது கறுப்பு. நம் ஊர் வெயிலில் அடுப்படிப் பரணில் வைத்த ஜாடி என்றால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். குளிரில் வைத்தால் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான் விஷயம். சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்பே நாங்கள் சரக்கைக் குளிர்பதனக் கிடங்குக்கு அனுப்பிவிடுகிறோம். மூட்டைக்கு இவ்வளவு என்று மாதா மாதம் வாடகை கட்டுகிறோம். சாயம் போட்டால் போதும் என்றால் அந்த வாடகையை ஏன் கட்ட வேண்டும்?

கிடங்கிலிருந்து எடுத்த புளி வெளிக்காற்று பட்டதும் வேர்க்கும். தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். அதனால் அன்றே பாக்கெட் போட மாட்டோம். நிழலில் பாயை விரித்துப் பரப்பி, ஈரம் போன பிறகே கட்டுவோம். கடைக்குப் பின்னால் புளியைப் பரப்பி ஏதோ தடவுகிறார்கள் என்று அந்தப் பதிவில் வருகிறதே, அது இந்தப் பாய்தான். தடவுவது அல்ல, அடியில் இருப்பது மேலே வரக் கையால் புரட்டிவிடுவது. எந்த நாள் வேண்டுமானாலும் பின்பக்கம் வந்து பார்க்கலாம். மாதிரி கொடுத்துச் சோதித்து வாங்கிய அறிக்கையையும் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், நின்று நிதானமாகப் படியுங்கள்.

இன்னொன்று, கறுத்த புளி கெட்டுப்போன புளி இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பழம்புளிதான் உடம்புக்கு நல்லது என்று தேடி எடுத்துப் போடுவார்கள். களிக்குக் குழம்பு வைக்கப் பழம்புளி, ரசத்துக்குப் புதுப்புளி என்று பிரித்து வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூச்சியோ பூசணமோ இல்லாதவரை, உங்கள் ஜாடியில் இருப்பதைக் கொட்டிவிடாதீர்கள்.

கொட்டை எடுத்த புளியில் இப்போது ஒன்றிரண்டு கொட்டை கிடக்கிறது என்று சிலர் சொன்னீர்கள். அது உண்மைதான். கொட்டை எடுக்கும் வேலை முழுக்கக் கைவேலை. கல்லின் மேல் பழத்தை வைத்து, கட்டையால் வயிற்றில் ஒரே ஒரு தட்டு. ஓடு உடைய வேண்டும், சதை நசுங்கக் கூடாது. அப்புறம் நாரை உருவி, கத்தி முனையால் கீறி, கொட்டையை ஒவ்வொன்றாகத் தெறிக்க விட வேண்டும். விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் புளிப்பு ஏறிச் சுரீர் என்று எரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். ஒரு மூட்டைப் பழத்தில் பாதி சதை தேறினாலே நல்ல புளி, மற்றதெல்லாம் ஓடும் நாரும் கொட்டையும்தான். மாம்பழ சீசனில் எங்களிடம் கொட்டை எடுக்கிற பெண்கள் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போவதும், சீசன் முடிந்ததும் திரும்பி வருவதும் எப்போதும் உள்ளது. இந்த வருஷம் பல பேர் திரும்பவில்லை. ஓசூர் பக்கத்துக் கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. அவர்கள் நன்றாக இருக்கட்டும், எங்களுக்கு அதில் வருத்தமில்லை. மிச்சமிருக்கிற அக்காமார்கள் முதுகு வலிக்க வலிக்கச் செய்கிறார்கள். அவர்களுக்குக் கிலோவுக்கான கூலியைக் கூட்டியிருக்கிறோம். அதில் ஒரு பைசா குறைக்க எங்களுக்கு மனம் வராது.

லாரி வாடகை, கிடங்கு வாடகை, கூலி எல்லாம் ஏறியிருக்கிற நிலையில் பாக்கெட் விலையை நாங்கள் ஏற்றவில்லை. கொட்டை எடுத்த புளி பாக்கெட் மட்டும் இனி 900 கிராம், எடை அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். கொட்டைப்புளி பழையபடி கிலோவாகவே கிடைக்கும்.

இந்த நேரத்தில் எங்களோடு நின்றவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மெஸ்காரர் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். பின்பக்கம் போய்ப் பாயைப் பார்த்தார், மூட்டை அட்டையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வழக்கமாக வாங்குகிற அதே அளவுக்கு எடை போடச் சொன்னார். பர்கூரிலிருந்து வருகிற ஒரு அம்மா, அவருடைய மாமியார் காலத்திலிருந்து எங்களிடம் வாங்குகிறவர், தன் வீட்டு ஜாடியையே கொண்டுவந்து கடையில் இருந்தவர்களுக்குத் திறந்து காட்டினார். ஊத்தங்கரை, வேப்பனப்பள்ளி, காரிமங்கலம், பாலக்கோடு என்று எங்கிருந்தெல்லாமோ போன் செய்து, நாங்கள் நம்பவில்லை, நீங்கள் கடையை நடத்துங்கள் என்று சொன்னீர்கள். கோயில் அன்னதானத்துக்கு வழக்கம்போல் எங்களிடமே எழுதிவைத்த ஊர்க்காரர்களுக்கும், பெங்களூரில் இருந்துகொண்டு ஊருக்கு வரும்போதெல்லாம் பை நிறைய வாங்கிப் போகிற பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்லியிருப்பார்.

அந்தப் பதிவு இன்னும் உங்கள் குழுக்களில் வந்தால், அதோடு இந்த மடலையும் சேர்த்து அனுப்புங்கள். சந்தேகம் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் காலையில் வாருங்கள், பாய் விரித்திருக்கிற நேரம் அதுதான். தீபாவளிக்கு முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும். மொத்தமாக உரிகம் புளி வேண்டுகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இந்த வருஷச் சரக்கில் இருப்பு கொஞ்சம்தான்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் குடும்பத்தாரும்
பழையபேட்டை, கிருஷ்ணகிரி