பெரியோர் நாட்காட்டி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஆடிப்பெருக்கன்று வெளியிட்ட புதிய காலண்டர் மாதிரி ஆல்பத்தில் ‘பெரியோர் நாட்காட்டி’ என்னும் தினசரி காலண்டரைக் கண்ட கடைக்காரர்கள் பலர், அதில் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எதுவும் இல்லையே, எங்கள் கடைக்கு வருவோர் இதை விரும்புவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. பஞ்சாங்கக் குறிப்புகளுடன் கூடிய வழக்கமான காலண்டர் தொடர்ந்து கிடைக்கும். இதுவோ எந்தச் சமயத்தையும் சாராமல், நாளுக்கு ஒரு தாளாக, மறைந்த பெரியோரை நினைவுகூர்வதற்கென்றே தயாரித்தது. அரசு விடுமுறைகள் மட்டும் வழக்கம்போல் சிவப்பில் இருக்கும்.

இந்த எண்ணம் புதிதன்று. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஒகுஸ்த் கோம்த் 1849இல் வெளியிட்ட நாட்காட்டியில், ஆண்டுக்கு 13 மாதங்கள், மாதத்துக்குச் சரியாக 28 நாட்கள். எஞ்சும் ஒரு நாள் இறந்தோர் அனைவருக்கும் உரியது. மோசே, ஹோமர், அரிஸ்டாட்டில், ஆர்க்கிமிடீஸ் என்று மாதங்களுக்கே பெரியோரின் பெயரைச் சூட்டிய அவர், அச்சுக்கலையின் முன்னோடி கூட்டன்பர்குக்கும் ஒரு மாதம் முழுவதையும் ஒதுக்கினார் என்பதில், அச்சுத் தொழில் செய்யும் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் 1789ஐ முதலாண்டாகக் கொண்ட அந்தக் கணக்கு மக்கள் புழக்கத்துக்கு வரவில்லை. சம்பளமும் வாடகையும் திருமணமும் பழகிய மாதங்களை ஒட்டியே நடப்பதால், நாங்கள் மாதங்களைத் தொடவில்லை.

கோம்த் பெரியோரைத் துறைவாரியாக வரிசைப்படுத்தினார். நாங்கள் பிறந்த நாளைக் கொண்டோம். பிப்ரவரி 19இல் உ. வே. சாமிநாதையரும், ஜூலை 30இல் முத்துலட்சுமி ரெட்டியும், டிசம்பர் 22இல் இராமானுஜனும் இப்படி எளிதாக அமைந்துவிட்டார்கள். நவம்பர் 7இல் மேரி கியூரி, சி. வி. இராமன் இருவருமே பிறந்திருப்பதால், அன்றைய தாள் இருவருக்கும் பொது. நியூட்டன்தான் எங்களை நெடுநேரம் யோசிக்க வைத்தவர்: அவர் பிறந்தபோது இங்கிலாந்தில் பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கே வழக்கில் இருந்ததால், அந்தக் கணக்கில் 1642 டிசம்பர் 25ஆக இருப்பது, இன்றைய கணக்கில் 1643 ஜனவரி 4 ஆகிறது. சுவரில் தொங்குவது இன்றைய காலண்டர் என்பதால் ஜனவரி 4இல் வைத்தோம்.

திருவள்ளுவரின் பிறந்த நாள் எவருக்கும் தெரியாது. ஆகவே தமிழ்நாடு அரசு திருவள்ளுவர் நாளாகக் கொண்டாடும் தை 2ஐயே ஏற்றோம். ஔவையார், கம்பர் போன்றோரை வேறு எவருக்கும் ஒதுக்காத நாட்களில் வைத்து, அது அவர்கள் பிறந்த நாள் அல்ல என்பதைத் தாளின் அடியில் குறித்திருக்கிறோம். அந்தச் சிறு வரியை இடப்பற்றாக்குறை என்று சொல்லி நீக்கச் சொன்னவர்களுக்கு நாங்கள் இணங்கவில்லை.

வாழ்ந்துகொண்டிருக்கும் தலைவர்களின் படத்தைச் சேர்க்கக் கேட்டவர்களிடமும் மறுத்துவிட்டோம். இன்றைக்கு இருப்பவரை எடைபோடக் காலம் போதாது. அதோடு, ஒருவரைச் சேர்த்தால் மற்றொருவரின் ஆதரவாளர்கள் உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

அட்டையின் மேற்பகுதியில் உங்கள் கடையின் பெயரும் முகவரியும் வழக்கம்போல் அச்சாகும். உங்கள் ஊருக்குரிய பெரியவர் ஒருவரைச் சேர்க்க விரும்பினால், அவருடைய பிறந்த நாளுக்கான அச்சுச் சான்றையும், பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத படம் ஒன்றையும் ஆவணி முடிவதற்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறோம். தாள்கள் புரட்டாசியில் அச்சேறிவிடும்.

இங்ஙனம்,
அச்சக நிர்வாகத்தார்