குழாயடியில் பதினொரு பேர்

முக்கூடல்
20.7.2024

அன்புள்ள முருகையாவுக்கு,

இரண்டு கடிதங்களுக்குப் பதில் போடாததற்கு வேண்டிய மட்டும் திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. கார் நடவு முடிந்தது. மற்றபடி ஊர் அப்படியேதான் இருக்கிறது.

பள்ளியில் காலைச் சாப்பாடு போடுவதைப் போன வருடம் நீ கேலி செய்தாய். உப்புமாவைக் காட்டிப் பிள்ளைகளை விரட்டுகிறீர்களா என்று. உப்புமாவுக்குப் பயந்து சித்தி வீட்டுச் சுவரேறிக் குதித்தவன் வேறென்ன சொல்வாய்! நானும் முணுமுணுத்தவன்தான். 2023 ஆகஸ்டு 25இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது எங்களுக்கும் வந்தது. ஒரே மாதத்தில் வாயை மூடிக்கொண்டேன். இங்கே தாய்மார் விடியுமுன்பே பீடித்தட்டை மடியில் எடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் கடுங்காப்பியில் வறுக்கியை நனைத்துத் தின்றுவிட்டு வரும். இரண்டாவது பீரியடில் தலை சாயும். இப்போது சாய்வதில்லை.

ஆனால் இது ஐந்தாம் வகுப்போடு சரி. மதியச் சோறு பெரிய பிள்ளைகளுக்கும் உண்டு. காலைக்குத்தான் இந்தக் கோடு. எங்களுடையது நடுநிலைப் பள்ளி. ஏப்ரல் வரை பந்தியில் உட்கார்ந்து பொங்கல் தின்ற பதினொரு பேர் ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். பழக்கதோஷம், எட்டு மணிக்கே வந்து குழாயடியில் நிற்கிறார்கள். ஒருத்தி தம்பியை உட்காரவைத்து, அவன் தட்டில் சாம்பார் விழுந்த பிறகுதான் நகர்கிறாள். "ஐந்தாவதிலேயே இருந்திருக்கலாம் சார்" என்றாள், சிரித்துக்கொண்டே. இந்தக் காலத்தில் ஃபெயிலாக்கவும் வழியில்லையே!

தலைக்கு ஐம்பது கிராம் ரவை. பதினொரு பேருக்கு அரைக்கிலோவும் ஒரு கைப்பிடியும். நானே வாங்கிக் கொடுத்தேன். சமைக்கும் செல்வி (மகளிர் குழுப் பெண், அவள் மகனும் இங்கே இரண்டாவது படிக்கிறான்) தனிச்சட்டியில் கிண்டினாள். நான்கு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் பார்வையிட வந்தவர் சட்டியைப் பார்த்துவிட்டார். "வெளிச்சாமான் இந்த அடுப்பில் ஏறக்கூடாது. ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் யார் பதில் சொல்வது?" என்றார். அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். 1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது அந்த ஊர் நம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ஊரார் கொடுத்த அரிசியிலும்தான் அன்று உலை கொதித்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், விழுங்கிவிட்டேன். அடுத்த மே மாதம் ஓய்வு பெறப்போகிறவனுக்கு எதற்கு வம்பு என்று தோன்றியது. அன்றிரவு தூக்கம் வரவில்லை, முருகையா.

செல்வி தன் வீட்டிலேயே கிண்டித் தூக்குவாளியில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை முதல் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில். பணம் அனுப்புகிறேன் என்று தொடங்காதே. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு எப்படியும் வருவாய்; இரண்டு நாள் முன்னதாக வா. எட்டு மணிக்கு மரத்தடியில் உனக்கும் ஒரு தட்டு உண்டு. ஏறிக் குதிக்க அங்கே சுவர் கிடையாது.

உன்,
சண்முகம்