“வீட்டிலேயே பார்த்துக்கலாம்” என்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் நலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, தீராத நோயில் கிடக்கும் பெற்றோரைக் கடைசி வரை வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் நம் பண்பாடு என்று முடிந்திருந்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

என் மாமனாருக்கு வாயில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, எல்லாம் முடிந்த பிறகும் கன்னத்தில் திரும்ப வந்துவிட்டது. “இனிமே செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பிடிச்சதைக் கொடுங்க” என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். வாயைத் திறக்கவே முடியாதவருக்குப் பிடித்ததை எப்படிக் கொடுப்பது? சரி, அதை விடுங்கள். அன்று சாயங்காலம் என் கணவர், கொழுந்தனார், பெரியப்பா மகன்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசி, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். பார்க்கப் போகிற நானும் என் நாத்தனாரும் அப்போது அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தோம். மாமாவை யாருமே கேட்கவில்லை.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் போட்டிருந்தாலும் இதில் தப்பிக்க முடியாது, விட்டால் முதுகில் புண் வந்துவிடும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், ஊற்றியதும் உடனே படுக்க வைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம், கன்னத்துப் புண்ணின் நாற்றம். இதை யாரும் எழுதுவதில்லை. பேரப்பிள்ளைகள் அந்த அறைப் பக்கமே வராமல் போனதற்கு அதுதான் காரணம். பாசம் குறைந்து அல்ல. ஒரு ஏஜென்சியில் சொல்லி ‘ஹோம் நர்ஸ்’ வைத்தோம். வந்த பெண்ணுக்கு நர்ஸ் படிப்பும் இல்லை, பயிற்சியும் இல்லை. புண் கட்டைப் பிரித்ததுமே வெளியே ஓடிவிட்டாள், மறுநாள் வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நர்ஸ் என்று சொல்லிக் காசு வாங்கியது ஏஜென்சி.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஒரு தொண்டு அமைப்பின் நோய் ஆதரவு சிகிச்சைக் குழு வீட்டுக்கு வந்தது. தீராத நோயில் வலியையும் அவதியையும் குறைக்கப் பார்ப்பதுதான் இந்தச் சிகிச்சை. டாக்டர் ஒருவர், நர்ஸ் ஒருவர். அந்த நர்ஸம்மா மெட்ரோனிடசோல் மாத்திரையை ஒரு காகிதத்தில் வைத்துப் பாட்டிலால் நசுக்கிப் பொடியாக்கி, உப்புத் தண்ணீரில் கழுவிய புண்ணின் மேல் தூவிக் கட்டுப் போட்டார். சாதாரண மாத்திரைதான், எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பது. சில நாளில் நாற்றம் வெகுவாக அடங்கிவிட்டது. அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் இதை ஏன் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்ற கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

வலிக்கு மார்பின் என்ற மாத்திரை. வலி வந்த பிறகு கொடுக்காமல், கடிகாரத்தைப் பார்த்து நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கச் சொன்னார் டாக்டர். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. அது இல்லாமல் மார்பின் கொடுக்கவே கூடாதாம். “போதை மருந்தாச்சே, அப்பா அதுக்கு அடிமையாயிட்டா?” என்று நாத்தனார் பயந்தார். புற்றுநோய் வலிக்கு அளவு பார்த்துக் கொடுத்தால் அப்படி ஆகாது, ஆயுளும் குறையாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்த மாத்திரை பல வருஷம் நோயாளிகளுக்கு எட்டாமலே இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் இன்று பக்கத்து மெடிக்கலில் போய்க் கேட்டுப் பாருங்கள், நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

இப்படி ஒரு குழு பின்னால் நின்றால் வீடு நல்ல இடம்தான். கேரளத்தில் 2008லேயே இதற்கென்று அரசு கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகள் வழியாக நர்ஸை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அக்கம்பக்கத்தினரும் தொண்டர்களாகக் கூடப் போகிறார்கள். நம் ஊரிலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. சர்க்கரை, பிரஷர் மாத்திரை தருகிற திட்டம் என்றே நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அப்படியும் எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது. மாமாவுக்குப் புண்ணிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்தது, ராத்திரியில் மூச்சு முட்டியது. வாரம் ஒரு முறை வருகிற குழுவால் ராத்திரிக்கு என்ன செய்ய முடியும்? கடைசிக் கட்ட நோயாளிகளைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸில் சேர்க்கலாம் என்று அந்த டாக்டரேதான் சொன்னார். அதோடு, மாமாவிடம் நேராகவே கேட்டார், “நீங்க எங்க இருக்க விரும்புறீங்க?” என்று. பேச முடியாததால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவார் மாமா. “அங்கேயே. ராத்திரி நர்ஸ் இருக்கும்” என்று எழுதினார். சொந்தக்காரர்கள் “கொண்டுபோய்த் தள்ளிட்டாங்க” என்று பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட ஒரு ராத்திரி வந்து முழித்திருந்தது கிடையாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கதை வேறு. வீட்டில் சாவு விழுந்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று பயந்தே கடைசி நேரத்தில் ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பங்களை எனக்குத் தெரியும். வீட்டில் உயிர் பிரிந்தால் இறப்புக்கான காரணத்தை எழுதித் தர ஒரு டாக்டர் வேண்டும். 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தொடர்ந்து பார்த்த டாக்டர் இல்லையென்றால் துக்கத்துக்கு நடுவில் அதற்கும் அலைய வேண்டியதுதான். பணம் என்று வந்தாலோ, பெரும்பாலான இன்சூரன்ஸ் பாலிசிகள் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பேசும். வீட்டுக்கு வரும் நர்ஸுக்கும் ஏர் பெட்டுக்கும் நம் கைக்காசுதான்.

ஆகவே இதைப் பண்பாட்டுக் கேள்வியாக்கி வீட்டுப் பெண்கள் தலையில் கட்டாதீர்கள். ராத்திரி யார் முழிப்பார்கள், மார்பின் எங்கே கிடைக்கும், அவசரத்துக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று முதலில் கேளுங்கள். பதில் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் ஹாஸ்பிஸ். நோயாளிக்கு நினைவு இருக்கும்போதே அவரையும் கேளுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டவாரியாக, வீட்டுக்கு வந்து பார்க்கும் குழுக்கள், ஹாஸ்பிஸ்கள், மார்பின் கிடைக்கும் ஆஸ்பத்திரிகள் ஆகியவற்றை விசாரித்து, தொலைபேசி எண்ணோடு வெளியிடுங்கள். ராசிபலனுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி