வரைபடம் இருக்கட்டும், முதலில் வண்டியைக் கொடுங்கள்

பெரிய வரைபடத்தில் விரும்பிய இடமெல்லாம் ஓட்டிச் செல்லக்கூடிய திறந்த உலகக் கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்களில் ஒரு நிறுவனத்தார் தங்கள் அடுத்த விளையாட்டின் முன்னோட்டத்தை வெளியிட்டார்கள். வரைபடம் முந்தையதைப் போல் இரண்டு மடங்கு என்று மூன்று முறை சொன்னார்கள். மலை வந்தது, பாலைவனம் வந்தது, பனி கொட்டியது. ஆனால் ஒரு கார் வளைவுக்குள் நுழைந்து வெளியே வருவதை ஓர் இடத்திலும் முழுதாகக் காட்டவில்லை. வளைவு நெருங்கும்போதெல்லாம் காட்சி வெட்டப்பட்டு, கேமரா வானத்துக்கு ஏறிவிட்டது. பார்த்து முடித்த கையோடு இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை ஒருவருடையது மட்டும் என்றால் அவருக்கே தனியாக எழுதியிருப்பேன்.

நான் கேட்பது ஒன்றுதான். முதலில் வண்டியைச் சரியாகச் செய்யுங்கள். வரைபடத்தைப் பிறகு விரியுங்கள்.

கடந்த ஆண்டு நான் முழு விலை கொடுத்து வாங்கிய ஒரு விளையாட்டில், வரைபடத்தின் வடக்கு மூலையில் ஒரு மலைச்சாலை இருக்கிறது. இறக்கத்தில் நான்காவதாக வரும் கொண்டை ஊசி வளைவைப் படத்தில் பார்த்த அன்றே என் மனம் அங்கே போய்விட்டது. வலப்பக்கம் ஈரப் பாறை, இடப்பக்கம் முழங்கால் உயரத் தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு. தொடக்க இடத்திலிருந்து அங்கே போய்ச் சேர 11 நிமிட நெடுஞ்சாலைப் பயணம். அந்த 11 நிமிடமும் என் வலது ஆள்காட்டி விரல் கன்ட்ரோலரில் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தது. காரைத் திருப்பும் ஸ்டிக்கில் இருந்த இடது கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. பரவாயில்லை, வளைவுக்காகத்தானே போகிறோம் என்று பொறுத்துக்கொண்டேன்.

வளைவு வந்தது. பிரேக் பிடித்தேன். காரின் மூக்கு தாழவில்லை. ஸ்டிக்கை மெல்ல இடப்பக்கம் சாய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் சற்றுச் சாய்த்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த இம்மி அசைவில், நடுவில் ஆணி அறைந்து நிறுத்தியது போல் மொத்தக் காரும் சுழன்று திரும்பிவிட்டது. டயர் பிடி விடப்போகிறது என்று கைக்கு ஒரு சேதியும் வரவில்லை. விட்ட பிறகும் வரவில்லை. கன்ட்ரோலர் மட்டும் புல்லில் ஏறினாலும் சுவரில் உரசினாலும் ஒரே மாதிரி உறுமியது.

தவறு என்னுடையதாக இருக்கலாம் என்று நினைத்து நான்கு இரவுகள் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஸ்டிக்கை அசைத்தும் கார் அசையாத அந்தச் செயலற்ற பகுதியைக் குறைத்தேன், ஓட்டுநருக்காக விளையாட்டு தானாகச் செய்யும் உதவிகளை ஒவ்வொன்றாக அணைத்தேன், சஸ்பென்ஷனை இறுக்கினேன், தளர்த்தினேன். சின்னஞ்சிறு காரில் போனேன், இரண்டு டன் எடையுள்ள ஜீப்பில் போனேன். இரண்டும் ஒரே இடத்தில் பிரேக் பிடித்து ஒரே மாதிரி திரும்பின. மழையை வரவழைத்தேன். சாலை கண்ணாடி போல் மின்னியது, பாறையில் நீர் வழிந்தது, கார் நிற்கும் தூரம் மட்டும் மாறவில்லை. அறுபது, எழுபது முறை இறங்கியிருப்பேன். முதல் முறைக்கும் கடைசி முறைக்கும் வித்தியாசமே இல்லை. அந்த வளைவில் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. அத்தனை அழகாகப் பாறையைச் செதுக்கிய ஓவியர்களின் உழைப்பு அங்கே வீணாகிக் கிடக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது எடை முன் டயர்களுக்குப் போகிறது, முன்பக்கம் பிடிக்கிறது, பின்பக்கம் லேசாகிறது, அந்த நொடியில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே திருப்பினால் கார் தானாக வளைவுக்குள் சாய்கிறது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஓட்டுவதன் சுகமே அந்த ஒரு நொடிக்குள் இருக்கிறது. கட்டைவிரலுக்குக் கிடைக்கும் அசைவு சுமார் ஒரு சென்டிமீட்டர். அந்தச் சிறு அசைவை ஸ்டியரிங்கின் முழுச் சுற்றாக மாற்றித் தருவது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும். கடினம் என்பதால்தான் அதற்கு உங்களிடம் உள்ள மிகச் சிறந்த ஆட்களையும் மிக நீண்ட காலத்தையும் ஒதுக்கச் சொல்கிறேன். கருவிகள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் விளையாட்டுக் கருவியின் கன்ட்ரோலரில், ஆள்காட்டி விரலால் அழுத்தும் ட்ரிகர்களுக்குள்ளேயே அதிர்வு மோட்டார்கள் இருந்தன. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் ட்ரிகர்கள் விரலை எதிர்த்துத் தள்ளவே செய்கின்றன. பிரேக் பூட்டிக்கொள்வதை விரலுக்குச் சொல்ல வழி இருக்கிறது. சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

பரப்பளவால் மட்டும் ஒரு விளையாட்டு வாழ்ந்துவிடும் என்றால் இன்று எல்லோரும் 'ஃபியூல்' விளையாடிக்கொண்டிருக்க வேண்டும். 2009-இல் வெளிவந்த அந்த விளையாட்டின் பரப்பு 14,400 சதுர கிலோமீட்டர். கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. அதை இன்று நினைவுகூர்பவர்கள் அந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள், ஒரு வளைவைச் சொல்வதில்லை. ஜப்பானிய நிறுவனமான கென்கி தன் பந்தய வரிசையில் டோக்கியோவின் நகர விரைவுச்சாலையைக் கொடுத்தது. அதன் உள்வட்டமான சி1 ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான். சுவர்கள் இரண்டு பக்கமும் நெருக்க, கார் சற்று அலைந்தாலும் உரசும் அந்த வட்டத்தில் மணிக்கணக்காகச் சுற்றியவர்கள் உண்டு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றைப் பாருங்கள். 1927-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் நீளம் 20.8 கிலோமீட்டர். அதில் காருசெல் என்ற வளைவின் உட்புறம் கான்கிரீட்டில் கிண்ணம் போல் சரிந்திருக்கும். உட்பக்கச் சக்கரங்களை அதற்குள் இறக்கி, கார் குலுங்கக் குலுங்கப் போக வேண்டும். அந்த ஒரு வளைவைக் கற்பதற்கே எத்தனையோ மாலைகளைச் செலவிட்டவன் நான். ஒருநாளும் இடம் போதவில்லை என்று தோன்றியதில்லை.

பெரிய வரைபடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2006-இல் 'டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட்' ஹவாயின் ஓஆஹூ தீவை 1,600 கிலோமீட்டர் சாலைகளோடு தந்தபோது, எங்கும் போகாமல் சும்மா ஓட்டிக்கொண்டே இருக்கும் இன்பத்தை முதன்முதலில் அறிந்தேன். உண்மையான தீவின் சாலைகளை ஒட்டி அமைத்ததால் அவற்றின் வளைவுகளுக்கும் மேடுகளுக்கும் காரணம் இருந்தது. இப்போது நீங்கள் தருகிற நிலப்பரப்பில் அது இல்லை. பரப்பைப் பெரிதாக்குகிறீர்கள், அதைக் கடக்க நேரமாகிறது என்று காரின் வேகத்தைக் கூட்டுகிறீர்கள். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 83 மீட்டர் போகும். அந்த வேகத்தில் யாரும் மோதிவிடக் கூடாது என்பதற்காகச் சாலையை அகலமாக்கி, வளைவுகளை நிமிர்த்தி, மரங்களைத் தள்ளி நடுகிறீர்கள். ஓரத்தில் விரைந்து ஓடும் மரமும் சுவரும்தான் கண்ணுக்கு வேகத்தைக் காட்டுகின்றன. அவை தள்ளிப் போனதும் 300-ம் ஊர்வது போல் இருக்கிறது. 20 கிலோமீட்டர் அகல நிலம் நான்கே நிமிடத்தில் முடிந்தும் போகிறது. குறுகிய சாலையில் 90-இல் போகும்போது உள்ளங்கை வியர்க்கும். அதைக் கொடுத்துவிட்டு எதை வாங்கியிருக்கிறோம்?

இதோடு திரையில் நொடிக்கு 30 காட்சிகள் மட்டுமே மாறும் என்ற சமரசம் வேறு. மணிக்கு 200-இல் போகும் கார் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே 1.85 மீட்டர் தாண்டிவிடுகிறது. 60 காட்சிகளாக இருந்தால் அது பாதியாகும். தொலைவில் இன்னொரு மலைத்தொடர் தெரிவதற்காக என் கண்ணிலிருந்தும் கையிலிருந்தும் அந்தப் பாதியைப் பிடுங்கியிருக்கிறீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வரைபடம் எங்களுடையதா என்றால் அதுவும் இல்லை. சில விளையாட்டுகளில் தனியாக ஓட்டுபவனும் இணையத்தில் இணைந்தே இருக்க வேண்டும். அமெரிக்காவையே சுருக்கித் தந்த 'தி க்ரூ' 2014-இல் வந்தது. 2024 மார்ச் 31-இல் அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. பணம் கொடுத்து வாங்கியவர்களும் அதற்குப் பிறகு அதைத் தனியாகக்கூட ஓட்ட முடியாமல் போனது. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை விரிந்த சாலை ஒரே நாளில் இல்லாமல் போகும் என்றால், அதன் நீளத்தை எதை நம்பி விலையாகக் கொடுப்பது? தினமும் வந்து போனால் பரிசு, வாரப் பட்டியலை முடித்தால் கார், அவசரம் என்றால் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்று எங்களை இருத்திவைக்க எத்தனை ஏற்பாடுகள்! ஓட்டுவது இனித்தால் நாங்களாகவே வந்து உட்கார்வோம். 15 கிலோமீட்டர் வட்டத்தில் உட்கார்ந்தவர்கள்தானே நாங்கள்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விட்டேன். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: முதலில் வண்டியைச் செய்யுங்கள். ஒரே ஒரு மலைச்சாலை, ஒரே ஒரு கார், வெறும் சாம்பல் நிறத் தரை. இவற்றை வைத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்தில் உள்ளவர்களே வேலை முடிந்தும் கன்ட்ரோலரைக் கீழே வைக்க மனமில்லாமல் ஓட்டும் நாள் வரும்வரை நிலத்தை விரிக்காதீர்கள். அதற்குப் பிறகு எவ்வளவு விரித்தாலும் மகிழ்ச்சிதான்.

இன்னொரு சிறு வேண்டுகோள். அடுத்த முன்னோட்டத்தில் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். கேமரா ஓட்டுநரின் இடத்தில் இருக்கட்டும், திரையின் மூலையில் கன்ட்ரோலரைப் பிடித்த விரல்கள் தெரியட்டும், பின்னணி இசை வேண்டாம். மழையில் ஒரு கொண்டை ஊசி வளைவை எங்கும் வெட்டாமல் இறங்கிக் காட்டுங்கள். அந்த நான்காவது வளைவாகவே இருந்தாலும் சரி.

பதிலை எதிர்பார்த்து,
உங்கள் விளையாட்டுகளை இன்னும் விடாமல் வாங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஓட்டுநர்