பெயர் பெயராகச் சரிபார்த்துக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புத் தோழர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் பல்கலைக்கழகத்தில் துப்புரவு, தோட்டம், விடுதி மெஸ், காவல் பணிகளில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கட்டாமல் விட்ட பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) தொகை அவரவர் கணக்கில் ஏறத் தொடங்கியிருக்கிறது. மனு போட்டது சங்கம். ஆனால் அந்த மனு நிற்பதற்குக் கால் கொடுத்தவர்களில் பாதிப்பேர் சங்க உறுப்பினர்களே இல்லை. யார் என்ன செய்தார்கள் என்று விவரமாகவே எழுதுகிறோம். வேறு பல்கலைக்கழகங்களில் இதே வேலையில் இறங்குவோருக்கும் அது கைகொடுக்கும்.

முதல் நன்றி நிரந்தரப் பணியாளர் சங்கத்துக்கு. அவர்களுக்கு இதில் சல்லிக்காசு ஆதாயம் கிடையாது. இருந்தும் சங்க அறையைத் திறந்துவிட்டார்கள், பதிவாளரிடம் கொடுத்த முதல் கடிதத்தில் கையெழுத்தும் போட்டார்கள். பல்கலைக்கழகத்தில் தொழிற்சங்கம் என்பதே எளிதாகக் கிடைத்த உரிமை அல்ல. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வேலையிழந்த பேருந்து ஓட்டுநர் ராம்நாத்தின் வழக்கில், கல்வி தொழில் ஆகாது, எனவே அவர் தொழில் தகராறுச் சட்டத்துக்குள் வரமாட்டார் என்று 1963இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்புதான் அதை மாற்றியது. அந்தத் தீர்ப்பின் பலனைப் பல ஆண்டுகள் அனுபவித்த நிரந்தரப் பணியாளர்கள், வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் அதே கதவைத் திறந்தது பெரிய காரியம்.

ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. தகவல் உரிமைச் சட்ட மனுக்களை எழுதித் தந்தவர் அவர். "ஏன் பி.எஃப். கட்டவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. ஏன் என்பது ஆவணம் இல்லை என்று மடக்கிவிடுவார்கள். அவர் கேட்டது மூன்றே மூன்று நகல்கள்: ஒப்பந்ததாரருடன் போட்ட டெண்டர் ஒப்பந்தம், அவர் மாதாமாதம் கொடுத்த பில், பில்லோடு இணைத்த பி.எஃப். சலானும் அதற்குரிய மாதாந்திர ரிட்டர்னும். பத்து ரூபாய்க் கட்டணம். 30 நாளில் பதில் வராததால் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகுதான் நகல்கள் வந்தன.

இதில் உயிர்நாடி அந்த ரிட்டர்ன்தான். சலானில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும். ஒப்பந்ததாரர் நான்கு ஊரில் ஆள் வைத்திருப்பார். எங்கோ ஒரு மருத்துவமனைக்குக் கட்டிய சலானை இங்கே பில்லோடு சேர்த்துக் கொடுத்தாலும் நிதிப் பிரிவு அதை ஏற்றுப் பணம் விடுவித்துவிடும். ரிட்டர்னில்தான் பெயர், யு.ஏ.என். (ஒவ்வொருவருக்கும் தரப்படும் பி.எஃப். எண்), ஊதியம், பங்களிப்பு, வேலைக்கு வராத நாள் எல்லாம் ஆள்வாரியாக இருக்கும். கடைசியாகச் சொன்ன அந்த வராத நாள் பத்தியில்தான் பெரிய ஓட்டை. மாதம் 26 நாள் வேலை பார்த்தவரைப் பத்து நாள் பார்த்ததாகக் காட்டினால் கட்ட வேண்டிய தொகை பாதிக்கும் கீழே போய்விடும்.

அந்த ஓட்டையைக் காட்டிக்கொடுத்த பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்தவர்கள் மெஸ் மேற்பார்வையாளர்களும் வாயிற்காவலர்களும். வருகைப் பதிவேடு ஒப்பந்ததாரர் கையில், கேட்டால் கிடைக்காது. ஆனால் மெஸ்ஸில் காலை ஷிப்டு யார், மாலை ஷிப்டு யார் என்று எழுதிய நோட்டும், வாயிலில் நேரம் குறித்துக் கையெழுத்து வாங்கிய பேரேடும் பல்கலைக்கழகத்தின் சொத்து. பழைய காகிதம் என்று எடைக்குப் போடாமல் அடுக்கி வைத்திருந்தார்களே, அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இவற்றையெல்லாம் ஒரே எக்செல் தாளில் கோத்துத் தந்தவர்கள் ஆய்வு மாணவர்கள். ஒரு வரிசை ஓர் ஆள், ஒரு பத்தி ஒரு மாதம். ஒவ்வொரு கட்டத்திலும் பதிவேட்டு நாள், ரிட்டர்ன் நாள், வங்கியில் ஏறிய கூலி. மாதம் 12,000 ரூபாய் ஊதியம் என்றால் தொழிலாளியிடம் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பிடிக்க வேண்டும். ஒப்பந்ததாரர் தன் பங்காக இன்னொரு 1,440 போட வேண்டும். அந்த இரண்டாவது பங்கில் 1,000 ரூபாய் பென்ஷனுக்கும் 440 பி.எஃப்.புக்கும் போகும். ஓராண்டு விடுபட்டால் 34,560 ரூபாய் போச்சு. டெண்டர் விலையையும் கைக்கு வந்த கூலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டு பங்கையுமே தொழிலாளியின் கூலியிலிருந்து பிடித்த மாதங்களும் தெரிந்தன. முதலாளி பங்கைக் கூலியில் பிடிக்கக்கூடாது என்று பி.எஃப். திட்டத்தின் 31ஆம் பத்தி வெளிப்படையாகவே சொல்கிறது.

பல்கலைக்கழக வாசலில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணன் செய்த வேலை வெளியில் தெரியாதது. பலரின் யு.ஏ.என்.னில் பதிந்திருந்தது சூப்பர்வைசரின் செல்போன் எண். ஓ.டி.பி. அவருக்குப் போகும்; தொழிலாளியால் பாஸ்புக்கைக்கூடப் பார்க்க முடியாது. பெயரிலும் சிக்கல்: ஆதாரில் இன்ஷியலோடு பெயர், பி.எஃப்.பில் அப்பா பெயரை முழுதாக நீட்டி எழுதிய பெயர். ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு இணையாது. இப்படிப்பட்ட பெயர்த் திருத்தத்துக்கு அப்போது தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி வேண்டியிருந்தது. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புது யு.ஏ.என். போட்டிருந்தால் பழையதைப் புதியதோடு சேர்க்க வேண்டும். அவசரத்துக்குப் பழைய கணக்கின் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் அந்தச் சேவைக்காலம் அறுந்துபோகும். பென்ஷனுக்குப் பத்தாண்டுச் சேவை வேண்டும். "அக்கா, இப்ப எடுக்காதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொல்லி, படிவத்துக்குக் காசும் வாங்காமல் அனுப்பிய அந்த அண்ணனுக்கு எங்கள் அன்பு.

வழக்கறிஞர் தோழர், அப்போது நடப்பிலிருந்த 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தின்கீழ் பாக்கியைத் தீர்மானிக்கும் 7ஏ பிரிவு விசாரணையில் இரண்டு வாதங்களை முறியடித்தார். எங்களுக்குத் தனிப் பென்ஷன் இருக்கிறது, இந்தச் சட்டம் பொருந்தாது என்றது நிர்வாகம். பல்கலைக்கழகங்கள் 1982 அறிவிக்கையிலேயே இச்சட்டத்துக்குள் வந்துவிட்டன. விலக்கு உண்டென்றால் அது அந்தப் பென்ஷனுக்கு உரிமையுள்ளவர்களுக்கு மட்டும், தோட்டக்காரருக்கு அந்தப் பென்ஷன் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒப்பந்ததாரர்தான் பொறுப்பு என்ற அடுத்த வாதத்துக்குத் திட்டத்தின் 30ஆம் பத்தியைக் காட்டினார்: ஒப்பந்ததாரர் மூலம் அமர்த்திய ஆளுக்கும் கட்ட வேண்டியவர் முதன்மை வேலையளிப்பவர் (இங்கே பல்கலைக்கழகம்), கட்டிவிட்டுப் பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆளை அடையாளம் காட்டும் ஆவணங்களை அழைப்பாணை அனுப்பிப் பெறும் அதிகாரம் பி.எஃப். ஆணையருக்கு உண்டு, அதைப் பயன்படுத்த வேண்டும் என்று இந்திய உணவுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்து வைத்தார். மெஸ் நோட்டுகள் விசாரணை மேசைக்கு வந்தது அப்படித்தான்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கிளை அலுவலகத்தில் எங்களுக்குப் பொறுமையாக விளக்கிய ஊழியர்களையும் மறக்க மாட்டோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்காலப் பணம். அதற்கு அந்த ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா வேண்டும். ஜூலையில் ஒப்பந்ததாரர் மாறிப் புதுக் காப்பீட்டு எண் போட்டால் நாட்கள் இரண்டாகப் பிரிந்து எந்த எண்ணிலும் 78 தேறாமல் போகலாம். காசநோயோடு படுத்தவருக்கும் பணம் மறுக்கப்படுவது இதனால்தான். பழைய எண்ணையே தொடரும்படி கேட்க வேண்டும் என்று சொல்லித் தந்தவர்கள் அவர்கள்.

இன்னும் பெயர் திருத்தம் முடியாதவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். பணியை விட்டுப் போனவர்களும் இதில் அடக்கம்; இறந்துபோனவர்களின் குடும்பத்துக்கும் அந்தத் தொகை உண்டு. ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், கூலி ஏறிய மாதங்களின் பக்கங்கள், கையில் இருக்கும் எல்லா யு.ஏ.என். எண்களும், ஆதாரில் இணைத்த சொந்த செல்போன் இவற்றோடு சங்க அறைக்கு மாலையில் வாருங்கள். குடும்பத்தார் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர்த்துக் கொண்டுவரவும். ஆய்வு மாணவர்களின் எக்செல் தாள் அங்கேயே இருக்கிறது. உங்கள் வரிசையை உங்களோடு உட்கார்ந்து பார்ப்போம்.

நன்றியுடன்,
ஒப்பந்தத் தொழிலாளர் பிரிவு,
பல்கலைக்கழகப் பணியாளர் சங்கம்