கார் சூடேறுவது பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஹற்றன் பாதையில் கினிகத்தேனை ஏற்றத்தில் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது என்று நீ போனில் சொன்னதிலிருந்து அம்மா, "அந்தக் காரை வித்துப்போடச் சொல்லுங்கோ" என்று நிற்கிறா. விற்கிற கதை பிறகு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் நாட்டில் இருந்த டொயோட்டா ஹைபிரிட்டுகள் (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் கார்கள்), அக்குவாவும் பிரியஸும், கைமாறிக் கைமாறி ஓடின. உன் அக்குவாவும் அப்படி வந்ததுதான். முதல் ஆள் கூலன்ற் (எஞ்சினை ஆற்றும் திரவம்) மாற்றினாரா, மூன்றாவது ஆள் குழாய்த் தண்ணீர் ஊற்றினாரா, யார் கண்டது? ஆகவே கராஜில் யாராவது பார்த்த மாத்திரத்தில் "ஹெட் போயிற்று", "பற்றரி போயிற்று" என்றால் தலையாட்டாதே. ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம். எது சூடாகிறது, எப்போது சூடாகிறது, கூலன்ற் எங்கே போகிறது என்று தெரியும்வரை ஒரு நட்டையும் கழற்ற விடாதே.

டிப்போவில் நாங்கள் பார்த்த லேலண்ட் பஸ்ஸுக்கு ஒரு றேடியேற்றர், ஒரு பெல்ற், ஒரு பம்ப். கதை முடிந்தது. உன் காரில் சூடாகக்கூடியவை மூன்று. எஞ்சின் ஒன்று. மோட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டர் இரண்டாவது. அதற்குத் தனிக் கூலன்ற், தனித் தொட்டி, தனிப் பம்ப். மூன்றாவது பின்சீற்றின் கீழே இருக்கும் பெரிய பற்றரி. அதற்குத் தண்ணீர் இல்லை, ஒரு சின்ன விசிறி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்து ஆற்றுகிறது. வெப்பமானி வடிவில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது எஞ்சின். ஹைபிரிட் சிஸ்டத்தைப் பார் என்று எச்சரிக்கை வந்தால் மற்ற இரண்டில் ஒன்றாக இருக்கலாம். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் உனக்கு எஞ்சின்தான்.

இந்தக் கார்களில் சூட்டைக் காட்டும் முள்ளே இல்லை. இது எனக்குப் பிடிக்காத விஷயம். விளக்கு எரியும்போது காரியம் பாதி கெட்டுவிட்டிருக்கும். அதனால் முதல் செலவு ஓபிடி புளூடூத் கருவிக்கு, காரின் கணினி சொல்வதைப் போனில் காட்டும் சின்னச் சாமான். விலை அதிகமில்லை. ஸ்ரியறிங்குக்குக் கீழே இருக்கும் சொக்கற்றில் செருகி, போனில் டோர்க் போன்ற ஒரு செயலியைப் போட்டால் கூலன்ற் சூடு எண்ணாகவே தெரியும். சாதாரணமாக 85 முதல் 95 பாகைக்குள் நிற்க வேண்டும். ஏற்றத்தில் கொஞ்சம் கூடி, சமதரையில் திரும்ப இறங்கினால் பயமில்லை. 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஓரம் கட்டு. ஓடும்போது நீ போனைப் பார்க்காதே, பக்கத்தில் யாரையாவது இருத்திப் பார்க்கச் சொல்.

சரி, எப்போது ஏறுகிறது என்று பார். நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறினால் முன்னால் இருக்கும் விசிறியைச் சந்தேகி. காரை ரெடியில் (பவர் போட்டு ஓடத் தயாரான நிலையில்) வைத்து ஏசியைப் போட்டால் விசிறி சுற்ற வேண்டும். வேகமாக ஓடும்போதும் ஏற்றத்திலும் ஏறினால் கூலன்ற் குறைவு, பம்ப், அடைபட்ட றேடியேற்றர் என்று யோசி. ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டும், எஞ்சின் கொதிக்கும்போதே குளிர்காற்று வந்தால் உள்ளே கூலன்ற் சுற்றவில்லை: ஒன்றில் குறைந்திருக்கும், அல்லது காற்று அடைத்திருக்கும், அல்லது பம்ப் நின்றிருக்கும்.

பம்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அக்குவா எஞ்சினில் பெல்ற் கிடையாது. வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. ஓசை இல்லாமல் சாகும். ஆனால் பெரும்பாலும் கோட் ஒன்றை, அதாவது கோளாறைச் சொல்லும் எண்ணை, காரின் கணினியில் விட்டுச் செல்லும். இந்த வகை டொயோட்டாக்களில் பி261பி என்றால் பம்ப் கட்டுப்பாட்டில் கோளாறு. பி148எஃப் என்றால் பம்ப் அளவுக்கு மேல் வேகமாகச் சுற்றுகிறது. தள்ளுவதற்குத் திரவம் இல்லாமல் காற்றில் சுற்றினாலும் அப்படிக் காட்டும், ஆகவே அந்தக் கோட் எண்ணைப் பார்த்தவுடன் புதுப் பம்ப் வாங்காதே, முதலில் கூலன்ற் மட்டத்தைப் பார். பி0ஏ93 வந்தால் அது இன்வேர்ட்டர் குளிரூட்டல். கோட் எண்ணை அழிப்பதற்கு முன் போனில் படம் எடுத்து வை. கராஜ்களில் முதலில் செய்கிற வேலை அழிப்பதுதான்.

மட்டம் பார்ப்பது காலையில், கார் இரவு முழுக்க ஆறிய பிறகு மட்டும். சூட்டில் கூலன்ற் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், இதில் விளையாட்டு வேண்டாம். இன்னொன்று: ரெடியில் இருக்கும் ஹைபிரிட் சத்தமில்லாமல் நின்றாலும் நினைத்த நேரத்தில் எஞ்சின் தானாகக் கிளம்பும். பொனற்றுக்குள் கை விடுவதற்கு முன் பவரை அணைத்து, ஸ்மார்ட் கீயைக் காரிலிருந்து தூர வை. செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதே. அதில் ஓடுவது வீட்டு மின்சாரத்தைவிடப் பொல்லாதது.

எஞ்சின் கூலன்ற் தொட்டியில் மார்க்கர் பேனாவால் இன்றைய மட்டத்தில் ஒரு கோடு போடு. ஒவ்வொரு நாள் காலையும் பார். குறைந்தால் வெளியே தடயம் தேடு. டொயோட்டா கூலன்ற் இளஞ்சிவப்பு. கசிந்து காய்ந்த இடத்தில் அதே நிறத்தில் பொருக்குப் பிடித்திருக்கும். பம்பைச் சுற்றி, ஹோஸ் கிளிப்புகளில், றேடியேற்றரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பில் ரோச் அடித்துப் பார். முன்சீற்றின் கீழே கார்ப்பற் ஈரமாகி இனிப்பு மணம் வந்தால் ஹீட்டருக்குள் ஒழுகுகிறது.

கூலன்ற் மூடியை அலட்சியம் செய்யாதே. ஹற்றன் உயரத்தில் திறந்த பானையில் தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் காரில் கொதிநிலை 20 பாகையளவு மேலே போகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் வவுனியாவில் ஒழுங்காக ஓடுகிற கார் மலையில் கொதிக்கும். மலிவான சாமான், ஆனால் யாரும் மாற்றுவதில்லை.

வெளியே தடயம் ஒன்றும் இல்லை, மட்டம் மட்டும் குறைகிறது என்றால் எஞ்சின் அதைக் குடிக்கிறது. அப்போது மூன்றைக் கவனி: காலையில் முதல் ஸ்ராட்டில் எஞ்சின் சில விநாடிகள் உதறுகிறதா, வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, ஆறிய பிறகும் ஹோஸ் கல் மாதிரி இறுகி இருக்கிறதா. இரவில் ஒரு சிலிண்டருக்குள் துளித்துளியாக இறங்கிய கூலன்ற்தான் காலையில் உதறல். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் ஹெட் காஸ்கற் (ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் தகடு) இப்படித்தான் போகிறது. ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்குத் திரும்பப் போகும் புகையை ஆற்றுவது) கரி அடைத்துக் கிடப்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒயில் மூடியில் பால் நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பயப்படாதே. எஞ்சின் அடிக்கடி அணைந்து அணைந்து ஓடும் காரில், அதுவும் குளிரில், வெறும் ஈரமே அப்படிப் படியும். முடிவு சொல்வது பிளொக் டெஸ்ற். கூலன்ற் தொட்டியிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்துக்குள்ளால் இழுப்பார்கள், மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு உள்ளே போகிறது. இந்தப் பரிசோதனை செய்யாமல் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதே.

தேர்மோஸ்டட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலன்றை றேடியேற்றருக்குப் போக விடாத வால்வு) கழற்றி எறிந்தால் சூடு குறையும் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பழைய பஸ்ஸுக்கு அந்த வைத்தியம் செய்வார்கள். ஹைபிரிட் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வந்தால்தான் தானாக அணையும். தேர்மோஸ்டட் இல்லாவிட்டால் அது அணையாமல் ஓடிப் பெற்றோலைக் குடிக்கும், பிறகு ஹைபிரிட் வாங்கி என்ன பயன்? கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். எங்கள் கேத்தலில் படிகிற வெள்ளைதான் றேடியேற்றரிலும் படியும். கலந்தே விற்கும் இளஞ்சிவப்புக் கூலன்ற் வாங்கு. ஊற்றிய பிறகு உள்ளே அடைபட்ட காற்றை வெளியே எடுப்பது முக்கியம், அதை இந்தக் கார் தெரிந்த மெக்கானிக் பாஸிடம் விடு.

இறக்கத்தில் எஞ்சின் திடீரென்று இரைகிறது என்றும் சொன்னாய். அது வருத்தமில்லை. நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால், கார் எஞ்சினைப் பெற்றோல் இல்லாமல் சுழற்றித் தன்னைத் தடுக்கிறது. பற்றரிக்கு நீ செய்ய வேண்டியது, பின்சீற்றடியில் இருக்கும் காற்று வாசலைப் பையும் துணியும் வைத்து மறைக்காமல் விடுவதும், தூசியைத் துடைப்பதும்தான்.

வழியில் திரும்ப விளக்கு எரிந்தால் ஏசியை நிறுத்தி ஓரம் கட்டு. நீராவி தெரிந்தால் பவரை முழுதாக அணை. பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, கொதிக்கும் எஞ்சினில் பட்டால் ஹெட் கோணும். "இன்னும் நாலு மைல்தானே" என்று ஓட்டாதே. அலுமினிய எஞ்சின் அந்த நாலு மைலில்தான் சாகிறது.

இந்தக் கிழமை காரை நகரத்துக்குள் மட்டும் ஓட்டு. தொட்டியில் போட்ட கோடு, மூடியின் உள் ரப்பர், கோட் படம் மூன்றையும் ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் அனுப்பு. காலையில் ஸ்ராட் பண்ணும் சத்தத்தையும் பதிவு செய்து போடு, பொனற்றைத் திறந்து வைத்து. பிளொக் டெஸ்ற் கருவி இங்கே கராஜில் ஒன்று இருக்கிறது, தேவையென்றால் இரவல் வாங்கிக்கொண்டு நானே பஸ்ஸில் வருகிறேன்.

அன்புடன்,
அப்பா