கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள மூர்த்தி,

ஒரு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள்ளடா. வீட்டின் உரிமையில் பழைய வில்லங்கம் ஏதாவது கிளம்பினால் வாங்கியவரின் நஷ்டத்தை ஈடுகட்டும் ஓனர்ஸ் டைட்டில் இன்ஷூரன்ஸை வாங்கலாமா என்று நீ கேட்ட அன்று நான் அதே சிக்கலில்தான் கிடந்தேன். ஃபிலடெல்ஃபியா பக்கம் வீடு முடிவானதில் ரொம்பச் சந்தோஷம். தோட்டம் இருக்கிறதாமே, இனி லதா உன்னைச் சும்மா உட்கார விடமாட்டாள்!

அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை. நியூ ஜெர்சியில் இந்த எடிசன் வீட்டை விற்றுவிட்டுத் தரைத்தள வீடாகப் பார்க்கலாம் என்று இறங்கினேன். வாங்க வந்தவர் தரப்பில் பத்திரம் அலசினார்கள். எனக்கு விற்றவர் 2009-இல் வீட்டின் பேரில் வாங்கிய ஒரு கடன் கவுண்டி (இங்கத்து மாவட்டம்) பதிவேட்டில் இன்னும் நிற்கிறது. மனிதர் எப்போதோ அடைத்துவிட்டார். ஆனால் அடைத்ததற்கான பத்திரத்தை யாரும் பதிவு செய்யவில்லை. மெஸ் நோட்டில் கோடு அடிக்காத கதைதான், போ.

கடன் கொடுத்த வங்கி இன்னொரு வங்கியோடு சேர்ந்துவிட்டது. தொலைபேசியில் ஒருவர் மாற்றி ஒருவர் கைகாட்டினார்கள். நான்கு மாதம், வக்கீலுக்கு 3,200 டாலர். வாங்க வந்தவரும் போய்விட்டார். அம்மா இன்னும் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுகிறார்.

‘அதான் இன்ஷூரன்ஸ் கட்டினாயே’ என்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2016-இல் இந்த வீட்டை வாங்கியபோது நான் காசு கட்டியது, எனக்குக் கடன் கொடுத்த வங்கிக்கான பாலிசி. அது காப்பது வங்கியின் பாக்கியை மட்டும். நாம் கடனை அடைக்க அடைக்க அதுவும் குறையும். வாங்குபவரைக் காக்கும் ஓனர்ஸ் பாலிசிக்குப் பக்கத்தில் ‘ஆப்ஷனல்’ என்று போட்டிருந்தது. வேண்டாம் என்றேன். இரண்டையும் சேர்த்து எடுத்திருந்தால் சில நூறு டாலர்தான் கூட. ஒரே தடவை கட்டினால் வீடு நம் கையில், நமக்குப்பின் வாரிசுகள் கையில், இருக்கும்வரை செல்லும். வழக்கு வந்தால் வக்கீல் செலவும் இன்ஷூரன்ஸ் கம்பெனியுடையது.

ஊரில் உன் அப்பா முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது கேலி செய்தோமே! ஆனால் வில்லங்கம் காட்டுவது பதிவானதை மட்டும்தான். கள்ளக் கையெழுத்தும் மறைந்திருக்கும் வாரிசும் அதில் தெரியாது. நீ போகும் ஃபிலடெல்ஃபியாவிலேயே 1868-இல் ஒரு வழக்கு. பத்திரம் பார்த்துக் கொடுத்தவரை நம்பி வாங்கியவர் பணத்தை இழந்தார். பார்த்தவர் வழக்கறிஞர் கருத்தைக் கேட்டே சொன்னார், அவர்மேல் தப்பில்லை என்றது நீதிமன்றம். தவறு யார்மேலும் இல்லாதபோது நஷ்டத்தை யார் தாங்குவது? அதற்காகத்தான் 1876-இல் அங்கேயே முதல் டைட்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்கினார்கள்.

வேண்டாம் என்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கட்டும் பிரீமியத்தில் இழப்பீடாகத் திரும்புவது சொற்பம், பெரும்பங்கு ஏஜென்டுக்குப் போகிறது. அயோவாவில் தனியார் கம்பெனிகள் இதை விற்கவே முடியாது, அரசு அமைப்பே உத்தரவாதம் தருகிறது. எல்லா மாநிலத்திலும் அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் நீ வாங்குவது பென்சில்வேனியாவில்.

எடுத்துவிடு, மூர்த்தி. கம்பெனியை நீயே தேர்ந்தெடு, விற்பவர் கட்டாயப்படுத்த முடியாது. முந்தைய உரிமையாளரின் பாலிசி இருந்தால் சலுகை உண்டா என்று கேள். பாலிசியில் ஷெட்யூல் பி என்ற பகுதியை மட்டும் வரி விடாமல் படி. எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று அதில்தான் எழுதியிருப்பார்கள். வேலி, பாதை விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்பிடு. பேப்பரைக் கையில் வைத்துக்கொள், சேர்ந்தே பார்த்துவிடலாம்.

உன்,
ரகு